யாருக்காக வலிக்கிறது நமக்கு?

15 மாதக் குழந்தையாக இருந்தபோது அவள் மீது வண்டி ஏறிவிட்டது. சில நாள்களிலேயே தேறிவிட்டாள். மற்ற குழந்தைகளைப் போலவே நடந்தாள், பேசினாள். மூன்று வயதில்தான் முதல் சந்தேகம் வந்தது. திட்டினாலும் சரி, தண்டித்தாலும் சரி, எதுவும் அவளிடம் எடுபடவில்லை. வளர வளரப் பொய் சொன்னாள். வீட்டிலும் திருடினாள், கடைகளிலும் திருடினாள். வீட்டை விட்டு ஓடிப்போனாள். 14 வயதில் அவளைச் சிகிச்சை விடுதியில் சேர்க்க வேண்டியதாயிற்று. 18 வயதில் கருவுற்றாள். பிறந்த குழந்தைக்கு என்ன தேவை என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. செய்த எதற்காகவும் அவள் வருந்தி யாரும் பார்த்ததில்லை.

வளர்ப்பு சரியில்லை என்று சட்டென்று சொல்லிவிடுவோம். ஆனால் அவளுடைய பெற்றோர் படித்தவர்கள். குடும்பத்தில் சண்டை சச்சரவு இல்லை. உடன்பிறந்தவர்கள் எல்லாரையும் போல வளர்ந்தவர்கள். அவளுடைய அறிவுத்திறனிலும் குறையில்லை.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஆண்டர்சன், அந்தோனியோ டமாசியோ ஆகியோரின் குழு 1999-இல் வெளியிட்ட ஆய்வில் வருகிறவள் இவள். அதே ஆய்வில் ஓர் இளைஞனும் இருக்கிறான். மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது மூளையிலிருந்து கட்டி அகற்றப்பட்டவன். அவனும் நல்ல குடும்பத்தில் வளர்ந்தவன்தான். அவனும் திருடினான், பொய் சொன்னான். எதற்கும் குற்றவுணர்ச்சி இல்லை. இருவரின் மூளையையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்நெற்றிப் புறணியில் சேதம் தெரிந்தது.

இந்தப் பகுதி பழுதானால் நடத்தை கெடும் என்பது அதற்கு முன்பே தெரிந்ததுதான். 1848-இல் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதைக்குப் பாறை உடைத்துக்கொண்டிருந்த ஃபினியஸ் கேஜ் என்பவரின் மண்டையைத் துளைத்துக்கொண்டு ஆறு கிலோ எடையுள்ள இரும்புக் கடப்பாரை வெளியே போனது. அவர் பிழைத்தார், ஆனால் பழைய கேஜாக இல்லை என்று நண்பர்கள் சொன்னார்கள். பாடப்புத்தகங்கள் இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிடுகின்றன. கேஜ் பிற்காலத்தில் சிலி நாட்டுக்குப் போய்க் குதிரை வண்டி ஓட்டிப் பல ஆண்டுகள் பிழைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் அவருக்குச் செய்யும் நியாயம்.

அயோவா ஆய்வின் புதுமை வேறு இடத்தில் இருக்கிறது. பெரியவர்களான பிறகு இதே பகுதியில் அடிபட்டவர்களிடம், மருந்து வாங்கப் பணமில்லாதவன் மனைவியைக் காப்பாற்றத் திருடலாமா என்பது போன்ற கேள்விகளைக் கேட்டால் நன்றாகவே பதில் சொல்வார்கள். எது சரி, எது தவறு என்று வாயால் விளக்கத் தெரியும். வாழ்க்கையில் நடந்துகொள்ளத்தான் வராது. குழந்தைப் பருவத்தில் அடிபட்ட இந்த இருவருக்கோ பதிலே தெரியவில்லை. மாட்டிக்கொண்டால் தண்டனை கிடைக்கும் என்பதைத் தாண்டி அவர்களால் யோசிக்க முடியவில்லை. வளர்ந்தவர்களாக இருந்தும் அவர்களுடைய பதில்கள் பத்து வயதுப் பிள்ளையின் பதில்களாக இருந்தன.

இரண்டே பேரைப் பார்த்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிட முடியாது. ஆனாலும் இந்த இரண்டு பேரும் ஒரு பெரிய கேள்விக்குள் நம்மை இழுத்துவிடுகிறார்கள். நல்லது கெட்டது சொல்லித் தந்தால் தெரிந்துவிடும் என்றால் இவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். சொல்லித் தர ஆள் இருந்தார்கள். பிறவியிலேயே தெரியும் என்றால், பிறந்த பிறகு அடிபட்ட இவர்களிடமும் பெரியவர்களாகி அடிபட்டவர்களைப் போல அந்த அறிவு மிஞ்சியிருக்க வேண்டும். சொல்லித் தருவதைப் பிடித்துவைக்க மூளையில் ஓர் ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாடு வேலை செய்யும் வயதில் சொல்லித் தரவும் ஆள் வேண்டும்.

அந்த ஏற்பாடு என்ன வேலை செய்கிறது? செய்யப்போகும் காரியத்தோடு அதன் விளைவின் வலியை முடிச்சுப்போடுகிறது என்பது டமாசியோவின் கருத்து. தம்பியின் கையைக் கடிக்கிறது ஒரு குழந்தை. தம்பி அலறுகிறான், அம்மாவின் முகம் மாறுகிறது, குழந்தைக்கு நெஞ்சு படபடக்கிறது. அடுத்த முறை வாயைத் திறக்கும்போதே அந்தப் படபடப்பு லேசாக முன்னால் வந்து நிற்கிறது. இப்படி ஆயிரம் முறை நடந்த பிறகுதான் "கடிக்கக் கூடாது" என்ற சொற்களுக்கு உயிர் வருகிறது. அந்தப் பெண்ணுக்கும் இளைஞனுக்கும் இந்த முடிச்சு விழவே இல்லை. காசு வைத்து ஆடும் ஒரு சீட்டுச் சோதனையில், நட்டம் தரும் கட்டைத் தொடுவதற்கு முன்பே மற்றவர்களின் உள்ளங்கை கண்ணுக்குத் தெரியாத அளவு வியர்க்கிறது. இவர்களுடைய கை வியர்க்கவில்லை.

இந்த ஏற்பாடு மனிதருக்கு மட்டும் உரியதா? சார்லஸ் டார்வின் 1871-இல் வெளியிட்ட 'மனிதனின் தோற்றம்' நூலில் இதற்கென்றே பக்கங்களை ஒதுக்கினார். கூடி வாழும் இயல்புள்ள எந்த விலங்குக்கும் மனிதருக்கு இணையான அறிவு வளர்ந்தால் அதற்கும் அற உணர்வு வந்தே தீரும் என்றார். கூடவே, அந்த அறம் நம்முடைய அறமாக இருக்க வேண்டியதில்லை என்றும் எச்சரித்தார். தேன்கூட்டு வாழ்க்கை மனிதருக்கு வாய்த்திருந்தால், சகோதரர்களைக் கொல்வதைப் பெண்கள் புனிதக் கடமையாக நினைத்திருப்பார்கள் என்று எழுதினார். அந்தக் காலத்தில் இப்படி எழுதத் துணிச்சல் வேண்டும்.

1964-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜூல்ஸ் மாசர்மேன் குழுவினர் ரீசஸ் குரங்குகளுக்குச் சங்கிலியை இழுத்தால் உணவு கிடைக்கும் என்று பழக்கினார்கள். பிறகு ஒரு சங்கிலியை இழுத்தால் பக்கத்துக் கூண்டுக் குரங்குக்கு மின்னதிர்ச்சி அடிக்கும்படி மாற்றினார்கள். பெரும்பாலான குரங்குகள் அந்தச் சங்கிலியைத் தவிர்த்தன. ஒரு குரங்கு ஐந்து நாள் எந்தச் சங்கிலியையும் தொடவில்லை. இன்னொன்று 12 நாள் தொடவில்லை. பட்டினியாகவே கிடந்தது. தானே முன்பு மின்னதிர்ச்சி வாங்கிய குரங்குகள் மற்றவற்றைவிடக் கூடுதலாகத் தயங்கின. இப்படியொரு கொடுமையான சோதனையைச் செய்து முடித்த மனிதர்களைவிட அந்தக் குரங்குதான் என் மனதில் நிற்கிறது.

எல்லா விலங்குச் சோதனையையும் இப்படி நம்பிவிடவும் கூடாது. பக்கத்துக் குரங்குக்குத் திராட்சை கொடுத்துவிட்டுத் தனக்கு வெள்ளரித் துண்டு கொடுத்ததும் அதைத் தூக்கியெறியும் கபுச்சின் குரங்கின் வீடியோவைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சாரா பிராஸ்னன், ஃபிரான்ஸ் டி வால் இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு அது. சமநீதி கேட்கும் குரங்கு என்று உலகெங்கும் புகழ்பெற்றது. அதன் பிறகு நடந்த இத்தகைய சோதனைகளையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்து 2024-இல் வெளியான கணக்கீடு, விலங்குகள் சமத்துவமின்மைக்காகத்தான் மறுக்கின்றன என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்கிறது. கண்முன்னே திராட்சை இருந்தும் வெள்ளரி வந்த ஏமாற்றமே போதும் அந்தக் கோபத்துக்கு.

அடுத்தவர் வலியை உணரும் இயல்பு இயற்கைத் தேர்வில் எப்படித் தப்பியது என்பதற்கு வழி தெரிந்துவிட்டது. உறவுக்கு உதவினால் தன் மரபணுவின் பங்கும் சேர்ந்தே பிழைக்கும் என்று வில்லியம் ஹாமில்டன் 1964-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். உறவில்லாதவருக்கு உதவுவதும் லாபமே, அவர் நாளை திருப்பிச் செய்வார் என்றால். இதை 1971-இல் ராபர்ட் டிரிவர்ஸ் விளக்கினார். இரண்டு மூன்று நாள் இரத்தம் கிடைக்காவிட்டால் செத்துவிடும் இரத்தக்காட்டேரி வௌவால்கள், வயிறு நிறைந்து திரும்பிய இரவில் பட்டினி கிடக்கும் தோழிக்குக் கக்கிக் கொடுப்பதை ஜெரால்ட் வில்கின்சன் 1984-இல் பதிவு செய்தார். இந்த இரண்டு வழியிலும் ஓர் எல்லைக்கோடு ஒளிந்திருக்கிறது. உறவு, அல்லது பழகியவர். அதற்கு வெளியே இருப்பவர்களைப் பற்றி இந்தக் கணக்குகள் வாயே திறப்பதில்லை.

எலிகளிடம் நடந்த ஒரு சோதனையில் இந்த எல்லைக்கோட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இன்பால் பென்-அமி பர்டால், ஜீன் டெசெட்டி, பெகி மேசன் ஆகியோர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2011-இல் செய்தது. ஒளிபுகும் குழாய் ஒன்றுக்குள் எலியொன்றை அடைத்துவைத்தார்கள். கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். அதனோடு ஒரே கூண்டில் வாழ்ந்த எலியை வெளியே விட்டார்கள். அது குழாயைச் சுற்றிச் சுற்றி வந்தது. சில நாளில் கதவைத் திறக்கக் கற்றுக்கொண்டது. கற்ற பிறகு தினமும் போய்த் திறந்தது. குழாய் காலியாக இருந்தால் கண்டுகொள்ளவில்லை. பக்கத்தில் இன்னொரு குழாயில் சாக்லேட் துண்டுகளை வைத்தபோது இரண்டையும் திறந்தது. தோழனை விடுவிக்கும் முன் மொத்தத்தையும் தானே தின்றிருக்கலாம். பல முறை தோழனுக்கும் மிச்சம் வைத்தது.

2014-இல் இதே குழு அடுத்த கேள்வியைக் கேட்டது. அடைபட்டிருப்பது முன்பின் தெரியாத எலியாக இருந்தால்? தன் இனத்து எலி என்றால், தெரியாததாக இருந்தாலும் வெளியே இருந்த வெள்ளெலி திறந்துவிட்டது. உடலில் கருநிறம் உள்ள வேறு இனத்து எலி என்றால் திறக்கவில்லை. அந்த இனத்து எலி ஒன்றோடு இரண்டு வாரம் சேர்ந்து வாழவிட்ட பிறகு, அதே இனத்தின் முகம் தெரியாத எலிகளுக்கும் திறந்துவிட்டது. ஒன்றோடு பழகியதில் ஓர் இனமே உள்ளே வந்துவிட்டது.

அடுத்து அவர்கள் செய்ததுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. பிறந்தவுடனேயே ஒரு வெள்ளெலிக் குஞ்சை எடுத்துக் கருநிற இனத்துத் தாயிடம் வளரவிட்டார்கள். அது வளர்ந்து பெரிதானது. தன் இனத்தை அது பார்த்ததே இல்லை. இப்போது குழாய்க்குள் கருநிற இன எலியை அடைத்தால் ஓடிப்போய்த் திறந்தது. தன் சொந்த இனமான வெள்ளெலியை அடைத்தபோது திறக்கவில்லை. இரத்தம் எதையும் தீர்மானிக்கவில்லை. யாரோடு படுத்துத் தூங்கி வளர்ந்ததோ அவர்களுடைய துன்பம்தான் அதற்குத் துன்பமாகப் பட்டது.

மனிதக் குழந்தைக்கு வருவோம். 2007-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கைலி ஹாம்லின், கரென் வின், பால் புளூம் மூவரும் பேசத் தெரியாத குழந்தைகளுக்குப் பொம்மலாட்டம் காட்டினார்கள். மேடேறத் தவிக்கும் பொம்மையை ஒன்று மேலே தள்ளிவிடும், இன்னொன்று கீழே தள்ளும். எந்தப் பொம்மை வேண்டும் என்று நீட்டியபோது 10 மாதக் குழந்தைகள் 16 பேரில் 14 பேரும், 6 மாதக் குழந்தைகள் 12 பேரும் உதவிய பொம்மையை எடுத்தார்கள். நல்லவரை அறியும் திறமை பிறவியிலேயே இருக்கிறது என்று உலகமே மகிழ்ந்தது. பிறகு ஐந்து கண்டங்களில் 37 ஆய்வகங்கள் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் அதைத் திரும்பச் செய்தன. 2024-இல் வெளியான முடிவின்படி, உதவிய பொம்மையை எடுத்தவர்கள் ஏறக்குறையப் பாதிப்பேர். நாணயம் சுண்டினாலும் அதே விடைதான் வரும். முதல் ஆய்வை எழுதியவர்களுள் ஒருவரான ஹாம்லினே இந்த மறுஆய்விலும் பங்கேற்றார். அறிவியலில் நான் மதிக்கும் குணங்களில் இது முதன்மையானது.

குழந்தைகள் மற்றவரை எடைபோடுகிறார்களா என்பது இப்படிச் சந்தேகத்தில் நின்றாலும், அவர்கள் உதவுகிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஃபெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் டோமசெல்லோ இருவரும் 2006-இல் 18 மாதக் குழந்தைகளிடம் இதைப் பார்த்தார்கள். கொடியில் துணி போடும் ஒருவர் கிளிப்பைத் தவறவிட்டு எட்டாமல் கையை நீட்டுவார். குழந்தை தத்தித் தத்திப் போய் எடுத்துக் கொடுத்துவிடும். வேண்டுமென்றே எறிந்தால் எடுத்துத் தராது. யாரும் கேட்கவில்லை, நன்றி சொல்லவுமில்லை. 2008-இல் அவர்கள் கண்ட இன்னொன்றைப் பெற்றோர் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டும். உதவியதற்குப் பொருள் பரிசாகக் கொடுத்துப் பழக்கிய 20 மாதக் குழந்தைகள், பரிசு நின்றதும் மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவினார்கள். தானாக வந்த இயல்பைச் சாக்லேட் கொடுத்து நாமே கெடுத்துவிட முடியும்.

உள்நோக்கத்தைப் பார்க்கும் அறிவு இதற்குப் பிறகு மெல்ல வருகிறது. தெரியாமல் 15 கோப்பைகளை உடைத்த பையன் கெட்டவனா, திருட்டுத்தனமாக ஜாம் எடுக்கப் போய் ஒரு கோப்பையை உடைத்தவன் கெட்டவனா என்று சுவிட்சர்லாந்துக் குழந்தைகளிடம் ஜான் பியாஜே கேட்டதை 1932-இல் எழுதினார். சின்னக் குழந்தைகள் பலர் 15 உடைத்தவனைத்தான் காட்டினார்கள். வளர்ந்த பிள்ளைகள் மற்றவனைக் காட்டினார்கள். இந்த அறிவுக்கும் மூளையில் இடம் உண்டு. 2010-இல் லியான் யங், ரெபெக்கா சாக்ஸ் குழுவினர் வலது காதுக்குப் பின்மேலே உள்ள பகுதியைக் காந்தத் துடிப்பால் சற்று நேரம் குழப்பிவிட்டு, தோழிக்கு விஷம் என்று நினைத்துக் காப்பியில் சர்க்கரையைக் கலந்தவளைப் பற்றிக் கேட்டார்கள். அவள் நினைத்தது என்ன என்பது பெரியவர்களின் தீர்ப்பிலேயே வலுவிழந்தது. தோழிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்ற பக்கம் தீர்ப்பு சாய்ந்தது.

இதுவரை சொன்னவை எல்லாம் உலகத்தார் அனைவருக்கும் பொதுவான சங்கதிகள். எது தவறு என்ற பட்டியலுக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. அதற்கு ஒடிசாவின் புவனேஸ்வரம் போக வேண்டும்.

ரிச்சர்ட் ஷ்வெடர், மனமோகன் மகாபாத்ரா, ஜோன் மில்லர் மூவரும் புவனேஸ்வரத்தின் பழைய நகரில் கோயிலை ஒட்டி வாழும் பிராமணக் குடும்பங்களிடமும், தீண்டாமைக்கு உள்ளான சமூகத்தாரிடமும், சிகாகோவின் அமெரிக்கக் குடும்பங்களிடமும் 39 நிகழ்ச்சிகளைச் சொல்லி, எவ்வளவு தவறு என்று கேட்டார்கள். 1987-இல் வெளியானது அந்த ஆய்வு. வாக்குத் தவறுவது, சும்மா கிடக்கும் நாயை உதைப்பது போன்றவற்றில் இரு நாட்டாரும் ஒன்றுபட்டார்கள். ஆனால் புவனேஸ்வரத்துப் பிராமணப் பிள்ளைகள் எல்லாவற்றிலும் கொடிய குற்றமாக வைத்தது எது தெரியுமா? தந்தை இறந்த மறுநாள் மூத்த மகன் முடிவெட்டிக்கொண்டு கோழிக்கறி தின்றது. சிகாகோப் பிள்ளைகளுக்கு இதில் என்ன தவறு என்றே புரியவில்லை. கணவனை இழந்த பெண் வாரத்தில் இரண்டு மூன்று நாள் மீன் சாப்பிடுவதும் புவனேஸ்வரத்தில் பெருங்குற்றம்.

நம் வாசகர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. தீட்டு என்றால் என்ன, துக்க வீட்டில் எதெல்லாம் ஆகாது என்று நமக்குத் தெரியும். ஷ்வெடர் கவனித்தது, அந்த மக்கள் இதை வெறும் சடங்காக நினைக்கவில்லை என்பதை. இறந்த தந்தையின் ஆன்மா கரையேறாமல் தவிக்கும் என்று அவர்கள் நம்பினார்கள்; ஆகவே மகன் செய்தது தந்தைக்கு இழைத்த கொடுமை. மீன் உடலைச் சூடாக்கும், அது ஆசையைக் கிளறும், கணவனின் ஆவி வருந்தும். அடுத்தவருக்குத் தீங்கு செய்யாதே என்ற அதே பொது உணர்வுதான் இங்கேயும் வேலை செய்கிறது. உலகம் எப்படி இயங்குகிறது என்பதைப் பற்றிய நம்பிக்கை வேறாக இருப்பதால், அதே உணர்வு ஒரு கைம்பெண்ணின் தட்டிலிருந்து மீனைப் பிடுங்குகிறது.

அப்படிப் பிடுங்குகிறவருக்கு உண்மையாகவே உள்ளுக்குள் கொதிக்கிறது என்பதுதான் இதில் அஞ்சவேண்டியது. நெஞ்சில் எழும் கொதிப்புக்குத் தன் மூலம் தெரியாது. நாயை உதைத்தவனைப் பார்த்து எழும் கொதிப்பும், மீன் தின்ற பெண்ணைப் பார்த்து எழும் கொதிப்பும் உடலுக்குள் ஒன்றுபோலவே இருக்கின்றன. பட்டியல் சமூகத்துப் பெண் சமைத்தாள் என்பதற்காகப் பள்ளியில் தம் பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் தடுத்த பெற்றோரைப் பற்றி நம் தமிழ்நாட்டிலிருந்தே செய்திகள் வந்திருக்கின்றன. அவர்களிடம் போய்க் கேட்டால் மனம் ஒப்பவில்லை என்பார்கள். பொய்யல்ல, ஒப்பத்தான் இல்லை. மனசாட்சி சொல்கிறது என்பதே ஒரு செயலுக்கு நியாயமாகிவிடாது என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான். அந்தக் கொதிப்பால் யாருக்கு, எந்த வலி தடுக்கப்படுகிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும். விடை கிடைக்காவிட்டால் அது அறம் அல்ல, பழக்கம்.

வளர்ப்பு எதைத் தருகிறது, எதைத் தரத் தேவையில்லை என்பதைத் தெளிவாகக் காட்டும் ஆய்வு 2015-இல் வந்தது. பீட்டர் பிளேக், கேத்ரின் மெக்காலிஃப் குழுவினர் இந்தியா, கனடா, அமெரிக்கா, மெக்சிகோ, பெரு, செனகல், உகாண்டா ஆகிய ஏழு நாடுகளில் 4 முதல் 15 வயது வரையுள்ள 866 ஜோடிப் பிள்ளைகளை எதிரெதிரே உட்காரவைத்தார்கள். நடுவில் ஒரு கருவி, இரண்டு பக்கமும் தின்பண்டம். பச்சைப் பிடியை இழுத்தால் அவரவர் பங்கு அவரவர் பக்கம் விழும். சிவப்புப் பிடியை இழுத்தால் இரண்டு பங்கும் நடுக்கிண்ணத்தில் விழுந்துவிடும், யாருக்கும் இல்லை. பிடி ஒரு பிள்ளையின் கையில் மட்டும்.

தனக்கு ஒன்று, எதிரில் இருப்பவருக்கு நான்கு என்று வைத்தால், ஏழு நாட்டுப் பிள்ளைகளும் ஒரு வயதுக்கு மேல் சிவப்பை இழுத்தார்கள். எனக்கு ஒன்றுகூட வேண்டாம், அவனுக்கு மட்டும் நான்கு போகக் கூடாது. இது எல்லா ஊரிலும் வந்துவிட்டது. தனக்கு நான்கு, எதிராளிக்கு ஒன்று என்று வைத்தபோது? கனடா, அமெரிக்கா, உகாண்டா ஆகிய மூன்று நாடுகளில் மட்டும், அதுவும் மூத்த பிள்ளைகள் மட்டும், அதை வேண்டாம் என்று மறுத்தார்கள். மற்ற நான்கு நாடுகளில், இந்தியா உட்பட, அந்த மறுப்பு தோன்றவில்லை.

இதை வைத்து நம் பிள்ளைகள் கெட்டவர்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. கிடைத்த தின்பண்டத்தை வீணாக்காதே என்பதும் அறம்தான், வீட்டில் அப்படித்தானே வளர்க்கிறோம். ஆனால் ஆய்வின் உட்பொருள் கனமானது. எனக்குக் குறைந்தால் எழும் கோபத்தை யாரும் சொல்லித் தர வேண்டாம், எந்த மண்ணிலும் அது முளைக்கும். எனக்குக் கூடுதலாகக் கிடைக்கும்போது எழும் கூச்சம் அப்படி அல்ல. அது சில இடங்களில் வளர்க்கப்படுகிறது, சில இடங்களில் வளர்க்கப்படுவதில்லை. நம் வீட்டிலும் தெருவிலும் அலுவலகத்திலும் நியாயம் கேட்டு எழும் குரல்களில் எத்தனை தன் பங்கு குறைந்ததற்காக எழுகின்றன, எத்தனை தன் பங்கு கூடியதற்காக எழுகின்றன என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

அப்படியானால் அந்தக் கூச்சத்தை வளர்ப்பது எப்படி? நீதிபோதனை வகுப்புகளை நான் மறுக்கவில்லை. ஆனால் எலிகள் காட்டிய வழி மனிதர்களிடமும் செல்லும் என்பதற்கு நம் நாட்டிலேயே இரண்டு ஆய்வுகள் இருக்கின்றன.

முதலாவது டெல்லியில். அங்கே வசதியான தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவச இடம் ஒதுக்க வேண்டும் என்ற உத்தரவு 2007-இல் நடைமுறைக்கு வந்தது. சில பள்ளிகள் உடனே ஒதுக்கின, சில தாமதித்தன. ஒரே பள்ளியில் ஏழைப் பிள்ளைகளோடு படித்த வகுப்பும் உண்டு, அவர்கள் வருவதற்கு முன்பே மேலே போய்விட்ட வகுப்பும் உண்டு. பொருளியலாளர் கௌதம் ராவ் இவற்றை ஒப்பிட்டு 2019-இல் எழுதினார். ஏழைப் பிள்ளைகளோடு படித்த பணக்காரப் பிள்ளைகள் மற்றவருக்குக் கூடுதலாக விட்டுக்கொடுத்தார்கள். பணத்தைச் சமமாகப் பங்கிட முன்வந்தார்கள். தொடர் ஓட்டத்துக்கு அணி சேர்க்கும்போது, வேகமாக ஓடும் ஏழைப் பிள்ளையை ஏழை என்பதற்காக ஒதுக்குவது குறைந்தது. படிப்பில் ஏற்பட்ட பாதிப்பு மிகச் சிறிது. சில பள்ளிகளில் பெயரின் அகரவரிசைப்படி படிப்புக் குழு பிரித்திருந்தார்கள். ஏழைப் பிள்ளையின் பெயருக்கு அடுத்த பெயர் என்பதால் மட்டுமே ஒரே குழுவில் விழுந்தவர்களிடம் மாற்றம் கூடுதலாக இருந்தது. மாற்றியது அறிவுரை அல்ல, பக்கத்து இருக்கை.

இரண்டாவது உத்தரப் பிரதேசத்தின் வாரணாசி அருகே. மேட் லோ என்பவர் வெவ்வேறு சாதியைச் சேர்ந்த 1,261 இளைஞர்களைக் கொண்டு செய்த ஆய்வு 2021-இல் வெளியானது. கிரிக்கெட் போட்டித் தொடர்கள் நடத்தினார். யார் எந்த அணி என்பதைக் குலுக்கலில் தீர்மானித்தார். ஒரே சாதி அணிகளும் இருந்தன, கலந்த அணிகளும் இருந்தன. ஒரே அணியில் வேறு சாதியாரோடு ஆடியவர்களுக்கு வேறு சாதி நண்பர்கள் கூடினார்கள். பிறகு ஆள் தேர்ந்தெடுக்கும்போது சொந்தச் சாதிக்குச் சலுகை காட்டுவது குறைந்தது. வேறு சாதியாரை எதிரணியில் மட்டும் சந்தித்தவர்களுக்கு இந்தப் பயன் கிடைக்கவில்லை. அங்கே விளைவு எதிர்த்திசையில் போனது. அருகருகே நிறுத்தினால் மட்டும் போதாது. ஒரே பக்கம் நின்று ஆட வேண்டும்.

தமிழ்நாட்டில் 1950-களில் காமராசர் ஆட்சி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது பசியைப் போக்குவதே நோக்கம். ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குள் அது வேறொன்றையும் விதைத்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கச் சொல்கிறது. அந்த இடத்தில் வந்து உட்காரும் பிள்ளையைப் பின்வரிசைக்கு அனுப்பும் பள்ளியிடம் பெற்றோர்கள் கேள்வி கேளுங்கள், அதுவும் கட்டணம் கட்டுகிற பெற்றோர்கள். உங்கள் பிள்ளையின் குழுவில் அந்தப் பிள்ளையையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவனை வீட்டுக்கு விளையாட அழையுங்கள்; உங்கள் பிள்ளையை அவன் வீட்டுக்கும் அனுப்புங்கள், அங்கே கொடுப்பதைச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.